மாதிரிப் பிரதி, விற்பனைக்கு அல்ல

அக்டோபர் 9, திங்கள்

காலை ஒன்பது பத்துக்கு இணைய ஏலத் தளத்திலிருந்து மின்னஞ்சல். "அன்புள்ள விற்பனையாளரே, பதிப்புரிமை உரிமையாளரின் புகாரை ஏற்று உங்கள் பட்டியல் நீக்கப்பட்டது. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி." நான் எங்கே ஒத்துழைத்தேன்? பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

நீக்கப்பட்டது 1986ஆம் வருஷத்து எல்.பி. ரிக்கார்டு ஒன்று. உறையில் நீல முத்திரை: மாதிரிப் பிரதி, விற்பனைக்கு அல்ல. கோலாலம்பூர்க்காரர் ஒருவரும் ஒசாகாக்காரர் ஒருவரும் அதற்காக மூன்று நாளாக மோதிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் தமிழ் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். முத்திரை அவர்களுக்குப் பிடித்திருக்கிறது.

மின்னஞ்சலின் கடைசி வரி சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில்: "இது முதல் புகார். மூன்றாவது புகாரில் கணக்கு நிரந்தரமாக மூடப்படும்."

இந்தக் கணக்குதான் இப்போது என் சம்பளம். பிப்ரவரியில் கிண்டி லேபை விட்டேன். அளவுக் கருவிகளைச் சரிபார்த்துச் சான்றிதழ் கொடுக்கிற லேப். மாதக் கடைசியில் எழுபது பிரஷர் கேஜைத் தொடாமலே சான்றிதழில் கையெழுத்துப் போடச் சொன்னார் மேனேஜர். மாட்டேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிரஷருக்கும் டெம்பரேச்சருக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது என்பதையும் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அப்பாவிடம் 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' என்று சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை. வேலை செய்கிறேன், வீட்டில்தான்.

சரக்கு அப்பாவுடையது. கானரேகா ரிக்கார்ட்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. அப்பா அதில் பதினோரு வருஷம் விளம்பரப் பிரதிநிதி. ரிக்கார்டு கடைக்கு வருவதற்கு முன்பே ஊர் ஊராக மைக் செட்காரர்களுக்கு இலவசமாக ஒன்று கொடுப்பார்கள். காதுகுத்து, கல்யாணம், கோயில் கொடை என்று குழாய் ஒலிபெருக்கியில் அவர்கள் போட்டுத் தேய்த்தால் அடுத்த வாரம் ஜனம் கடைக்கு வந்து கேட்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்க் கொடுத்து, டெலிவரி புத்தகத்தில் கையெழுத்து வாங்கி வருவது அப்பாவின் வேலை. கம்பெனி படுத்தபோது பெயரையும் பாட்டுகளையும் மும்பைக் கம்பெனி ஒன்று வாங்கிக்கொண்டது. எங்கள் சாலிகிராமம் ஃபிளாட்டின் லாஃப்டில் மூன்று தகரப் பெட்டி தங்கிவிட்டது.

விற்கப்போகிறேன் என்றபோது அப்பா சொன்னது ஒன்றே ஒன்று. "வித்துக்கோ. என் பேரை மட்டும் எங்கயும் போடாதே." மனிதருக்கு அடக்கம் அதிகம்.

அக்டோபர் 10, செவ்வாய்

தளத்தின் உதவி அரட்டைப் பெட்டிக்குப் பெயர் யாழினி. யாழினி ஒரு நிரல். 'உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது' என்று ஆறு முறை சொன்னாள். தோசை மாவு புளித்துவிட்டது.

அக்டோபர் 12, வியாழன்

புகார் கொடுத்த அந்த மும்பைக் கம்பெனியின் சென்னை அலுவலக எண்ணைத் தேடிப் பிடித்தேன். நாற்பது நிமிஷம் அவர்களுடைய பாட்டையே கேட்க வைத்தார்கள். பிறகு சட்டப் பிரிவிலிருந்து வைத்தீஸ்வரன் என்பவர் வந்தார். குரலிலேயே கோப்பு வாசனை.

நான் எதையும் நகலெடுக்கவில்லை, உங்கள் கம்பெனி அச்சடித்த பிளாஸ்டிக் தட்டை இன்னொருவருக்கு விற்கிறேன், பழைய புத்தகக் கடைக்காரர் மேல் எழுத்தாளர் புகார் கொடுப்பாரா என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். புத்தகம் முதலில் ஒருமுறை விற்கப்பட்டது. இந்த ரிக்கார்டு விற்கப்படவே இல்லையாம்.

"அது விக்கவும் இல்ல, குடுக்கவும் இல்ல, மிஸ்டர் பிரகதீஷ். ஒப்படைச்சது. பாட்டைப் பரப்புறதுக்காகக் கைல குடுத்து வெச்ச பொருள். இன்னிக்கும் அது கம்பெனியோட சொத்து."

"முப்பத்தேழு வருஷமா உங்க சொத்து எங்க லாஃப்ட்ல இருக்கு சார். வாடகை அனுப்புங்க."

"காமெடி பண்ணாதீங்க. இலவசமாக் குடுத்துட்டோம்னு காட்ட உங்ககிட்ட ஒரு பேப்பர் இருக்கா? இருந்தா பதில் மனு போடுங்க. இல்லேன்னா விடுங்க."

புகாரை எழுதியது யார் என்று கேட்டேன். மென்பொருளாம். 'விற்பனைக்கு அல்ல' என்ற வார்த்தை எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்துப் புகார் அனுப்பும். போன வாரம் ஒரு ரியல் எஸ்டேட்காரரின் 'இந்த மனை விற்பனைக்கு அல்ல' பலகைப் படத்துக்கும் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

அக்டோபர் 14, சனி

ஃபிளாட்டின் தண்ணீர் மோட்டாரில் காயில் போய்விட்டது. செகரட்டரி பிளம்பரைக் கூப்பிட்டார். காயிலுக்குப் பிளம்பர். நானே கழற்றிக் கொண்டுபோய்ச் சுற்றி வாங்கி வந்து மாட்டினேன்.

மதியம் புதுப் பட்டியல் ஒன்று ஏற்றினேன். முத்திரை தெரியாமல் படம் எடுத்தேன். இது சின்ன ரிக்கார்டு, பக்கத்துக்கு இரண்டு பாட்டு, 1987. படத்தின் பெயரைச் சொல்லிப் பிரயோஜனமில்லை, படமே வெளிவரவில்லை. இரண்டாம் பக்கம் முழுக்க ஒ. மரகதம் என்று ஒருவர் பாடியிருக்கிறார். அதற்கு முன்னும் பின்னும் அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. சேகரிப்பாளர்களுக்கு இந்த மாதிரி என்றால் உயிர். தோற்றுப்போனவை எல்லாம் அபூர்வம்.

லேபில் இருந்தபோது வாங்கிய சின்ன மைக்ரோஸ்கோப்பை லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தேன். பள்ளங்களின் ஓரம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஒருமுறைகூட ஊசி படவில்லை. பட்டியலில் அப்படியே எழுதினேன். மற்ற ரிக்கார்டுகளில் ஒன்று இரண்டுதான் இருந்தன, தேய்ந்தும் இருந்தன. இதில் மட்டும் மூன்றாவது பெட்டி நிறைய நாற்பது, கட்டுப் பிரிக்காமல். கம்பெனி அந்த மாதம் தாராளமாக இருந்திருக்கிறது. நாற்பது இருப்பதை வெளியே சொல்லவில்லை. ஒன்று ஒன்றாக விடுவேன். தட்டுப்பாட்டை நாம்தான் தயாரிக்க வேண்டும்.

சாயங்காலத்துக்குள் ஓ.எம்.63 என்ற பெயரில் ஒருவர் ஏலம் கேட்டார். கூடவே ஒரு கேள்வி: ஊசி படவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மூன்று பத்தி பதில் எழுதி, பள்ளத்தின் படங்களும் அனுப்பினேன். உடனே அடுத்த கேள்வி: அப்படியென்றால் இதை யாருமே கேட்டதில்லையா?

'இல்லை. அதுதான் இதன் மதிப்பு' என்று எழுதினேன். பதில் வரவில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

மரகதம் ரிக்கார்டுக்கு ஓ.எம்.63ஐ முந்திக்கொண்டு இன்னொருவர் வந்துவிட்டார். அனுப்ப வேண்டிய விலாசத்தைப் பார்த்தேன். வைத்தீஸ்வரனின் கம்பெனி. அதே கட்டடம், நான்காம் மாடி, ஆவணப் பிரிவு. அங்கே ஒரு பெண்ணிடம் பேசினேன். கானரேகாவை வாங்கியபோது மூல நாடாக்கள் பாதி பூஞ்சை பிடித்துவிட்டனவாம், இந்தப் பாட்டுகள் அவர்களிடமே இல்லையாம். அவர்களுடைய செயலியில் பாட்டின் பெயர் இருக்கிறது. தட்டினால் ஏதோ சுப்ரபாதம் பாடுகிறது. எட்டு வருஷமாக யாரும் புகார் செய்யவில்லை.

அக்டோபர் 18, புதன்

இரண்டாவது புகார். மரகதம் ரிக்கார்டும் நீக்கப்பட்டது. முத்திரை படத்தில் இல்லை, ஆனால் நானே விளக்கத்தில் 'மாதிரிப் பிரதி' என்று எழுதியிருந்தேன். நேர்மைக்குக் கிடைத்த பரிசு.

வைத்தீஸ்வரனை அழைத்து, நீக்கும்போது அதிக விலை கேட்டிருந்தது உங்கள் நான்காம் மாடிதான் என்றேன். "அது வேற டிபார்ட்மென்ட்" என்றார்.

இன்னும் ஒன்று விழுந்தால் கணக்கு காலி. அதோடு இருநூற்றுப் பன்னிரண்டு நல்ல மதிப்பீடும் காலி. தெரியாதவனிடம் ஜப்பான்காரர் பணம் அனுப்ப மாட்டார். பேப்பர் வேண்டும்.

அக்டோபர் 20, வெள்ளி

பேப்பர் கிடைத்தது.

முதல் பெட்டியின் அடியில், பழைய காலண்டர் தாளுக்குக் கீழே, டெலிவரி புத்தகம். ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும் அச்சில் ஒரு வரி: 'கீழ்க்கண்ட ரிக்கார்டை விளம்பரத்துக்காக இலவசமாகப் பெற்றுக்கொண்டேன்.' இலவசமாக. திருப்பித் தருகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. ஒப்படைப்பாம், சொத்தாம். வைத்தீஸ்வரன் முகத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது.

மரகதம் ரிக்கார்டுக்குத் தனிப் பக்கமே இருக்கிறது. நவம்பர் 1987, மதுரை வட்டம், நாற்பது வரி, நாற்பது கையெழுத்து. மற்றப் பக்கங்களில் எண்ணெய்க் கறையும், கிறுக்கலும், பெருவிரல் ரேகையும், விதவிதமான மையுமாக ஒரே அலங்கோலம். இந்தப் பக்கம் மட்டும் சுத்தம். ஒரே மை. நன்றாக ஸ்கேன் ஆகியது.

அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். புத்தகத்தைக் காட்டினேன். "இதை ஏன்டா எடுத்தே" என்றார். கேஸே இதில்தான் இருக்கிறது என்றேன். "அந்தப் பக்கத்தைப் போடாதே, வேற பக்கம் போடு" என்றார். வேறு பக்கத்தில் இந்த ரிக்கார்டு இல்லையே என்றேன். காபி ஆறிப்போவதாகச் சொல்லி எழுந்து போனார். டம்ளர் காலியாகத்தான் இருந்தது.

பதில் மனுவோடு பக்கத்தையும் இணைத்து அனுப்பினேன். ஏலம் கேட்டவர்கள் எல்லாரும் பார்க்கும்படி பட்டியலின் கீழேயே போடுவார்கள். வெளிப்படைத்தன்மை என்று பெயர்.

அக்டோபர் 21, சனி

வெற்றி. பட்டியல் திரும்ப வந்துவிட்டது. பிரியாணி வாங்கினேன். அப்பா சாப்பிடவில்லை, வயிறு சரியில்லையாம்.

அக்டோபர் 23, திங்கள்

ஓ.எம்.63இடமிருந்து செய்தி: 'முப்பத்தேழாவது கையெழுத்தைப் பெரிதாக்கி அனுப்ப முடியுமா?' அனுப்பினேன். பழனியாண்டி சவுண்ட் சர்வீஸ், ஒட்டன்சத்திரம். ரிக்கார்டு வாங்க வந்தவர்களுக்கு ரசீதில் என்ன ஆர்வமோ. தன் பெயரையும் போன் எண்ணையும் எழுதி, நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். பெயர் மரகதம். பாடியவர் தன் ரிக்கார்டைத் தானே ஏலத்தில் கேட்கிறார். வரச் சொன்னேன்.

அக்டோபர் 25, புதன்

வைத்தீஸ்வரனே அழைத்தார். குரலில் கோபமில்லை. அதுதான் பிடிக்கவில்லை.

"உங்க மனுவை முழுசாப் படிச்சேன். நல்லாவே எழுதியிருக்கீங்க. இலவசம்னே ஒத்துக்கறோம்."

"நன்றி."

"நாப்பது பேர் வாங்கிக்கிட்டாங்க. நாப்பது பேரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அப்ப இது உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு?"

நான் பதில் சொல்வதற்கு முன் அவரே தொடர்ந்தார். கையெழுத்து உண்மை என்றால் ரிக்கார்டு அந்த நாற்பது பேருடையது, அவர்களிடமிருந்து வாங்கியதற்கு என்னிடம் ரசீது இல்லை. கையெழுத்து பொய் என்றால் ரிக்கார்டு யாருக்கும் கொடுக்கப்படவில்லை, கம்பெனியுடையது. "ரெண்டுல எது வேணுமோ நீங்களே எடுத்துக்கலாம்" என்றார்.

சாயங்காலம் தளத்திலிருந்து படிவம் வந்தது. இணைத்த ஆவணம் உண்மை, பொருள் முறையாக வந்தது என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டு உறுதி சொல்ல வேண்டும். சொன்னால் இரண்டு புகாரும் ரத்து, அதற்கு மேல் அவர்கள் தோண்ட மாட்டார்கள். 31ஆம் தேதி மாலை ஆறு மணிக்குள் சொல்லாவிட்டால் அதுவே மூன்றாவது புகார்.

ஒரு டிக். என்ன பிரமாதம்.

அக்டோபர் 26, வியாழன்

அப்பாவிடம் கேட்டேன், எண்பத்தேழு நவம்பரில் ஒட்டன்சத்திரம் போனீர்களா என்று. பேப்பரை மடித்து வைத்தார்.

"மழைடா" என்றார்.

பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். யாருக்காவது உடம்பு சரியில்லை, மேனேஜரோடு சண்டை, இப்படி. அப்படி ஒன்றும் இல்லை. மழை. பெட்டியோடு தாம்பரம் வரை போயிருக்கிறார், பஸ் வரவில்லை, நனைந்துகொண்டே திரும்பியிருக்கிறார். அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தார். அடுத்த வாரம் ஒரு பெரிய படத்தின் ரிக்கார்டு வந்துவிட்டது, அதைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னார்கள். ஒன்றாம் தேதி புத்தகத்தைக் காட்டினால்தான் பயணப்படி. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நாற்பதையும் அவரே போட்டுவிட்டார். ஒன்றரை மணி நேரம் ஆனதாம். ஒவ்வொன்றையும் வேறு மாதிரி போட முயற்சி செய்தாராம். பன்னிரண்டாவதுக்கு மேல் கை ஓய்ந்துவிட்டதாம்.

"நாப்பது பேர்ல ஒருத்தன்கூட எங்க ரிக்கார்டுன்னு கேக்கலடா. அப்ப யாருக்கும் வேணாம்னுதானே அர்த்தம்?"

வரப்போகிறது என்றே தெரியாததை எவன் கேட்பான்? இதைச் சொல்லவில்லை. லேபை விட்டதையும், இந்தக் கணக்கைத் தவிர வேறு வருமானமில்லை என்பதையும் சொன்னேன். எட்டு மாதமாகச் சொல்லாததை ஒரு நிமிஷத்தில் சொல்லியாகிவிட்டது. அப்பா பேப்பரை மறுபடி விரித்தார். பிறகு, "உண்மைன்னே போட்டுடு. யார் வந்து பாக்கப்போறா" என்றார்.

இந்த வாக்கியத்தை நான் கிண்டியிலும் கேட்டிருக்கிறேன்.

அக்டோபர் 28, சனி

மரகதம் வந்தார். கொளத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி. அறுபது வயது, கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், கையில் குடை, தோளில் துணிப்பை. பாடகி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அப்பாவைக் காட்டி, அந்த நாளில் கானரேகாவின் விளம்பரப் பிரதிநிதி இவர்தான் என்றேன். ரிக்கார்டைக் கையில் கொடுத்தேன். உறையைப் பிரிக்கவில்லை. பின்பக்கத்தில் தன் பெயர் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்தார். பாடியவருக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும் என்று கம்பெனியில் யாருக்கும் தோன்றவில்லையாம். முதல் தடவையாக இப்போதுதான் தொடுகிறார்.

பிறகு புத்தகத்தைக் கேட்டார். முப்பத்தேழாவது வரியில் விரலை வைத்தார். பழனியாண்டி அவருடைய சொந்த அண்ணன்.

அவர் பாட வந்தது அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று குதித்தாராம். இருந்தாலும் ரிக்கார்டு வந்தால் போடாமலா இருப்பார், மைக் செட் வைத்திருப்பவர் ஆயிற்றே என்று இவர் நம்பியிருக்கிறார். கேட்டதற்கு, ரிக்கார்டே வரவில்லை என்றார் அண்ணன். இவர் கம்பெனிக்கு வந்து சண்டை போட்டிருக்கிறார். மேனேஜர் இதே புத்தகத்தை இதே பக்கத்தில் விரித்து, உங்க அண்ணனே வாங்கி வெச்சுக்கிட்டுப் போடல, ஊர்க்காரனை எப்படிம்மா குறை சொல்றது என்று கேட்டாராம். அதன் பிறகு அடுத்த பாட்டுக்குக் கூப்பிடவில்லை. அண்ணனோடு பேசி முப்பத்தாறு வருஷம். அம்மா சாவுக்குப் போனபோதுகூட எதிரெதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்களாம்.

"போன மாசம் அவருக்கு ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன். போகலாமான்னு ஒரு நெனப்பு. அதான் கேக்கறேன், சார்." அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டார். "இந்தக் கையெழுத்து எங்க அண்ணன் போட்டதுதானா?"

அப்பா என்னைப் பார்த்தார். ஒரு விநாடிதான். பிறகு அவர் பக்கம் திரும்பி, "அவர் போட்டதுதாம்மா. என் கண் முன்னாடி போட்டார்" என்றார்.

நான் சமையலறைக்குப் போனேன். அடுப்பில் பால் வைத்திருந்த ஞாபகம். வைக்கவில்லை.

திரும்பி வந்தபோது மரகதம் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். ரிக்கார்டு மேஜையில் இருந்தது. எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "வேணாம் தம்பி. எதுக்கு" என்றார். குடையை விரித்துப் பார்த்து மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்பா ரிக்கார்டை எடுத்துப் பெட்டியில் வைத்தார். பிறகு, "உனக்காகத்தான்டா" என்றார்.

அக்டோபர் 29, ஞாயிறு

காஸ் சிலிண்டரை எடை போட்டேன். இருநூறு கிராம் குறைவு. ஏஜென்சிக்குக் காரசாரமாக ஒரு புகார் எழுதினேன். இந்த மாதிரி விஷயங்களில் எனக்குத் தைரியம் குறைந்ததே இல்லை.

அக்டோபர் 31, செவ்வாய்

காலையிலிருந்து படிவம் திறந்தே இருக்கிறது. கட்டத்தின் மேல் அம்புக்குறியை வைத்து, எடுத்து, வைத்து. மவுஸ் ஈரமாகிவிட்டது.

மதியம் மரகதத்துக்கு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதும் தெரியவில்லை. நான் சொன்னால் நம்புவதற்கு நான் யார்? ரசீதை ஸ்கேன் செய்து போட்டவனே நான்தான்.

ஒட்டன்சத்திரத்துக்குக் கூரியரில் ரிக்கார்டு அனுப்பினால் உடைத்துவிடுவார்கள். அதனால்தான் நேரில் போகிறேன். கோயம்பேட்டில் ஐந்து மணிப் பழனி பஸ். பையில் ரிக்கார்டும் புத்தகமும். கிளம்பும்போது அப்பா எங்கே என்று கேட்கவில்லை. "காய்கறி மார்க்கெட் பின்னாடிச் சந்து, இடது கைப்பக்கம் மூணாவது கடை" என்றார்.

"நீங்க போனதே இல்லையே?"

"லிஸ்ட்ல இருந்துச்சு. நாப்பதும் ஞாபகம் இருக்கு."

இதை பஸ்ஸில் எழுதுகிறேன். ஆறு மணிக்கு இன்னும் செங்கல்பட்டு தாண்டவில்லை. போனில் சிக்னல் சரியாக இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

நவம்பர் 1, புதன்

'உங்கள் கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.' ஆறு நாலுக்கு வந்திருக்கிறது. இந்த முறை அந்த நன்றி பொருத்தமானதுதான்.

ஒட்டன்சத்திரம் முழுக்கத் தக்காளி வாசனை. சந்தில் மூன்றாவது கடை சரியாகவே இருந்தது. இப்போது பழனியாண்டி லைட்ஸ் அண்ட் சவுண்ட்ஸ். ஆள் உயரத்துக்கு டீஜே பெட்டிகள், சுருள் சுருளாக சீரியல் விளக்கு. நடுவில் பனியனும் வேட்டியுமாகப் பழனியாண்டி. எழுபதைத் தாண்டியவர், வயிற்றில் இன்னும் கட்டு இருக்கிறது. என்ன விசேஷம், எத்தனை பெட்டி வேண்டும் என்று கேட்டார்.

டெலிவரி என்று சொல்லி ரிக்கார்டைக் கொடுத்தேன். யார் அனுப்பியது என்றார். கானரேகா ரிக்கார்ட்ஸ் என்றேன். உறையைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். மரகதத்தின் பெயருக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். புத்தகத்தைத் திறந்து காட்டினேன். என்ன நடந்தது என்பதை நாலு வாக்கியத்தில் சொன்னேன், அப்பா பெயரோடு. மழை என்றும் சொன்னேன். அது நாலாவது வாக்கியம்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கையெழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் போட்டிருக்காரு. என் கையெழுத்து இம்புட்டு லட்சணமா இருக்காது" என்றார். அப்புறம், "இந்தப் புத்தகத்தையா அந்தப் புள்ளைக்குக் காட்டுனாங்க?" என்றார். ஆமாம் என்றேன். எழுந்து போய்க் கடைச் சட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தார்.

"நம்பர் இருக்குதா?"

என் போனிலிருந்தே அடித்துக் கொடுத்தேன். இந்த முறை மரகதம் எடுத்தார். பெரியவருக்கு ஸ்பீக்கரை அணைக்கத் தெரியவில்லை. நானும் அணைக்கவில்லை.

"நான் பழனியாண்டி பேசுறேன். ஒட்டன்சத்திரத்துல இருந்து." வாடிக்கையாளரிடம் சொல்வது போலச் சொன்னார். லைன் போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"உன் ரிக்கார்டு வந்துருச்சு. இன்னைக்குத்தான். ஒம்பது இருபதுக்கு. அவங்கப்பன் அன்னைக்கு ஊருக்கே வரலையாம். கையெழுத்து அந்தாளே போட்டுக்கிட்டதாம். மகன்காரன் கொண்டாந்து குடுத்துட்டு எதுக்க நிக்கிறான்."

மரகதம் கேட்டார். "வந்திருந்தா போட்டிருப்பியா?"

போட்டிருப்பேன் என்று சொல்லித் தொலையுங்களேன் என்று நான் மனசுக்குள் கத்தினேன். ஒரு வார்த்தை. யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

"மாட்டேன்" என்றார் கிழவர். "அன்னைக்கு இருந்த கோவத்துல ஒடைச்சே போட்டிருப்பேன்."

"தெரியும். நீ போட மாட்டேன்னு எனக்கு அப்பவே தெரியும். வரலன்னு சொன்னியே, அதைத்தான் நான் நம்பல."

கிழவர் பக்கத்திலிருந்த ஆம்ப்ளிஃபயர் மேல் தூசியைக் கையால் வழித்தார். வழித்த இடத்தையே மறுபடி வழித்தார்.

"வயித்துல என்ன பண்ணாங்க?" என்றார் மரகதம்.

"கல்லு. அதை விடு."

"ரிக்கார்டு போடற மிஷின் இருக்கா அங்க?"

"மேல கெடக்குது. ஊசி இல்ல."

"ஊசி நான் வாங்கிட்டு வரேன்."

"வர்றதுன்னா ஞாயித்துக்கிழமை வராத. கல்யாண ஆர்டர் ரெண்டு இருக்குது. கடையில ஆள் இருக்க மாட்டாங்க."

"நான் ஞாயித்துக்கிழமைதான் வருவேன்."

"சொன்னாக் கேக்க மாட்டியே நீ. அன்னைக்கே கேக்கல."

"எதுக்குக் கேக்கணும்?"

போன் சூடாகிவிட்டது, சார்ஜ் பன்னிரண்டு சதவீதம். இப்போதைக்குத் திரும்பி வராது என்று தெரிந்தது. ஒரு டீஜே பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தேன். எனக்கு அவசரமாகப் போக எந்த வேலையும் இல்லை.